ஒற்றைப்படை

ஓவுலு நகரத்தில் மிதிவண்டிக் கடைக்கு மேல்மாடியில்
இரண்டு மேசை, மூன்று கணினி,
ஒரு நூலகம்.
அலமாரி கிடையாது, புத்தகம் கிடையாது.
மற்ற நிரல்கள் வந்து இரவல் வாங்கிப் போகும் நிரல்.
பனிக்கட்டிக்குள் அலை அனுப்பி
அது திரும்பி வரும் நேரத்தை
ஆழமாக மாற்றிச் சொல்லும்,
அவ்வளவுதான் அதன் வேலை.

விதி எழுதியவள் சானெல்மா.
நடு எண் இரட்டைப்படை என்றால் நம்பலாம்.
ஒற்றைப்படை என்றால்
இன்னும் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறோம்,
உள்ளே வருகிறவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளவும்.
முதல் எண் பூச்சியம்.
பத்து வருடமாகப் பூச்சியம்.

"ஒன்று போட்டுவிடலாமே" என்பான் இல்போ,
ஒவ்வொரு நவம்பரிலும்.
"போட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி.
நீ கொடுக்கிறாயா?"
இல்போ காபி போட எழுந்து போய்விடுவான்.

எழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி
உயிரை எடுத்துவிட்டு மெய்யை மட்டும் விடும்.
எண்களுக்கு நடுவே வைக்கும் புள்ளி வேறு ரகம்.
பூச்சியம் புள்ளி ஒன்பதுக்கு அடுத்து
பூச்சியம் புள்ளி பத்து வரும்;
பள்ளிக்கூடத்துக் கணக்கு
செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நிற்கும்.
"பழையதைப் புதிதென்று ஏன் விற்கிறீர்கள்?"
என்று ஒருவர் கோபமாகக் கேட்டார்.
விற்கவில்லை ஐயா, இலவசம்,
என்று எழுதினான் இல்போ.

முப்பத்தேழு ஒற்றைப்படை.
முப்பத்தொன்பதும்.
நடுவே ஒரு முப்பத்தெட்டு வந்திருக்க வேண்டும்.
அந்த வருடம் இரட்டை பிறந்தது
சானெல்மாவின் வீட்டில்தான்.

முப்பத்தொன்பதில்
சென்டிமீட்டரை மில்லிமீட்டராக்கினாள்.
சுத்தமான மாற்றம். ஒற்றைப்படைதானே.
மாற்றக் குறிப்பில் ஏழாவது வரி.

பிப்ரவரியில் தெல்லெர்வோவின் கடிதம்.
கடல் உறைந்த பின் தீவுக்குப் பாதை அளப்பவள்,
லாரி போகலாமா கார் மட்டுமா என்று
பலகை நடுகிறவள்.

"ஆறு குளிர்காலமாக உங்கள் முப்பத்தேழு
என் பனிவண்டியில் இருக்கிறது.
இந்த வாரம் அலுவலகத்தில் யாரோ புதுப்பித்துவிட்டார்கள்.
திரை முந்நூற்றெண்பது என்றது.
நான்கு மீட்டர் பனியை இந்தக் கடல் பார்த்ததே இல்லை.
துளை போட்டேன். முப்பத்தெட்டு.
துளையை நம்பினேன்.
ஒற்றைப்படைக்கு அர்த்தம் உண்டென்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
என் வீட்டு எண்கூட ஒற்றைப்படைதான்,
இதுவரை இடிந்து விழவில்லை."

சானெல்மா இரண்டு முறை படித்தாள்.
கோட்டைக் கழற்ற மறந்திருந்தாள்.
கீழே கடைக்காரன் ஷட்டரை இழுக்கும் சத்தம்.

"குறிப்பில் இருந்ததே" என்றான் இல்போ.
"ஏழாவது வரி" என்றாள்.
பிறகு வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை.
நாற்பது போடலாம்.
தொண்ணூறு போட்டு, நெருங்கிவிட்டோம் என்று
காட்டலாம்.
நிலையற்றது என்று இவர்கள் முத்திரை குத்தியது
அங்கே ஒருத்தியின் காலடியில்
ஆறு வருடம் நிலையாக நின்றிருக்கிறது.
கேட்காமலே வாங்கிப்போன வாக்கு.

விடியும் முன் சென்டிமீட்டர் திரும்பி வந்தது.
மில்லிமீட்டருக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தார்கள்.
எண் கேட்ட பெட்டியில்
ஒன்று என்று தட்டினாள்.
புள்ளி. பூச்சியம்.
விரலை எடுக்கச் சற்று நேரமானது.

ஒன்று புள்ளி பூச்சியம்
பதினோரு மணிநேரம் வாழ்ந்தது.
ஒரு கோப்பை உள்ளே வைக்க மறந்திருந்தார்கள்.
ஒன்று புள்ளி பூச்சியம் புள்ளி ஒன்று
என்று வாய் வலிக்கச் சொல்லி
இல்போ சிரித்தான்.

வெள்ளிக்கிழமை தெல்லெர்வோ எழுதினாள்:
"புதியதைப் போட்டுவிட்டேன்.
திரை முப்பத்தொன்பது என்கிறது.
துளையும் முப்பத்தொன்பது.
ஒற்றைப்படை.
பரவாயில்லையா?"